பதிப்பு ஒப்பந்தத்தில் முதலில் எதைக் கேட்க வேண்டும்: சதவீதத்தையா, காலத்தையா?

சுரவரிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இசைப் பதிப்பாளர் (பாடல்களின் உரிமையைப் பெற்று, அவற்றுக்கு உரிமம் தந்து, வருமானத்தை வசூலிப்பவர்) ஒருவர் எனக்கு ஒப்பந்த வரைவு ஒன்றை அனுப்பியிருக்கிறார். நான் பாடல்களுக்கு இசை அமைக்கிறேன். வாத்திய இசைத் துண்டுகளும் எழுதுகிறேன். நிகழ்த்துரிமைச் சங்கத்தில் (இசை பொதுவில் ஒலிக்கும்போது வரும் ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் அமைப்பில்) உறுப்பினராக இருப்பதைத் தவிர, வேறு யாருடனும் எனக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை.

வரைவின் சாரம் இது. மூன்று ஆண்டுகளுக்கு நான் அந்தப் பதிப்பாளருக்கு மட்டுமே எழுத வேண்டும். அதன்பின் இரண்டு முறை, ஒவ்வோர் ஆண்டாக, அவர் தன் விருப்பப்படி நீட்டித்துக்கொள்ளலாம். இந்தக் காலத்தில் நான் எழுதும் எல்லாப் படைப்புகளின் பதிப்புரிமையும் 'இன்று அறியப்பட்டதும் இனிக் கண்டுபிடிக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதிலும், பதிப்புரிமையின் முழு ஆயுளுக்கும்' அவருக்கு மாற்றித் தரப்படுகிறது. நிகர வரவில் ஆளுக்குப் பாதி. ஆண்டுக்கு ஆறு படைப்புகள் நான் ஒப்படைக்க வேண்டும். முன்பணம் உண்டு, அது என் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளப்படும்.

எனக்குப் பாதி போதாது என்று தோன்றுகிறது. அறுபதுக்கு நாற்பது என்றோ, முடிந்தால் எழுபத்தைந்துக்கு இருபத்தைந்து என்றோ கேட்கலாம் என நினைக்கிறேன். எவ்வளவு உறுதியாகக் கேட்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதில் அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தாளக்கட்டு எழுதியது:

வாழ்த்துகள். வரைவின் சாரத்தை விவரமாக எழுதியதற்கு நன்றி. பலர் சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டு நல்ல ஒப்பந்தமா என்று கேட்பார்கள்.

நீங்கள் சதவீதத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இந்த வரைவில் உங்களுக்கு மிகப் பெரிய இழப்பைத் தரக்கூடியது 'முழு ஆயுளுக்கும்' என்ற சொற்றொடர்தான். ஒப்பந்தக் காலம் வேறு, உரிமையைப் பதிப்பாளர் வைத்திருக்கும் காலம் வேறு. நீங்கள் அவருக்காக எழுதுவது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எழுதியவை அவரிடம் இருக்கப்போவதோ, படைப்பாளியின் வாழ்நாளும் அதற்குப் பின் இந்தியச் சட்டப்படி 60 ஆண்டுகளும், ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் 70 ஆண்டுகளும். முப்பது வயதில் எழுதிய ஒரு மெட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் வேறொருவர் கையில் இருக்கும் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். பாதியை அறுபதாக உயர்த்தி வாங்கிக்கொண்டு இதில் கையெழுத்திட்டால், மோசமான நிபந்தனையைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு ஏற்றுக்கொண்டதாகத்தான் ஆகும்.

எனவே முதலில் கேட்க வேண்டியது, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் உரிமை எத்தனை ஆண்டுகள் அவரிடம் இருக்கும் என்பதை. பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் என்று ஒரு எல்லை வைத்து, அது முடிந்ததும் உரிமை தானாகவே உங்களுக்குத் திரும்ப வேண்டும். இங்கே 'தானாகவே' என்ற சொல் இருந்தாக வேண்டும். எழுத்தாளர், அதாவது படைப்பாளியான நீங்கள், அறிவிப்பு அனுப்பினால் மட்டும் திரும்பும் என்று எழுதியிருந்தால், அந்த நாளை நீங்களோ உங்கள் வாரிசுகளோ தவறவிட்டால் எல்லாம் பழையபடி தொடரும்.

இரண்டாவது, பயன்படுத்தப்படாத படைப்புகள். ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு படைப்பு பயன்பாட்டுக்கு வராவிட்டால் அது உடனே திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். 'பயன்பாடு' எது என்பதை ஒப்பந்தத்திலேயே வரையறுத்துவிடுங்கள்: ஒலிப்பதிவாக வெளிவருவது, படத்திலோ விளம்பரத்திலோ சேர்க்க உரிமம் பெறுவது, அச்சில் வெளியாவது. சங்கத்தில் பதிவு செய்ததையே பயன்பாடு என்று கொள்ளும் வரைவுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் இந்த ஷரத்து இருந்தும் பயனில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் தொடக்க காலத்துப் பாடல்கள் ஒரு பதிப்பகத்தின் தொகுப்பில் இருக்கின்றன. அந்தத் தொகுப்பு கைமாறி, மீண்டும் கைமாறி, இப்போதைய உரிமையாளரிடம் வந்திருக்கிறது. அவர்களுக்கு அந்தப் பாடல்கள் அட்டவணையில் ஒரு வரி, அவ்வளவுதான். அவற்றை யாரும் எந்தப் படத்துக்கும் அனுப்புவதில்லை. நான் அனுப்பவும் உரிமையில்லை.

வெள்ளைத்தாள் எழுதியது:

தாளக்கட்டு அவர்கள் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் பதிப்பகம் ஒன்றின் ராயல்டி கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால், பணம் வரும் வழியைப் பற்றி எழுதுகிறேன். சதவீதத்தைப் பேசும் முன், எந்தத் தொகையின் சதவீதம் என்று கேட்க வேண்டும்.

'நிகர வரவு' என்றால் பதிப்பாளரின் கைக்கு வந்து சேர்ந்த தொகை. வெளிநாட்டில் உங்கள் பாடல் 100 ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பதிப்பாளருக்காக அங்கே வசூலிக்கும் துணைப் பதிப்பாளர் 25 எடுத்துக்கொண்டு 75 அனுப்புகிறார். நிகர வரவில் பாதி என்றால் உங்களுக்கு 37.50. ஈட்டிய இடத்துத் தொகையில் பாதி என்று எழுதியிருந்தால் உங்களுக்கு 50. துணைப் பதிப்பாளரின் கூலி பதிப்பாளரின் பங்கிலிருந்து போகும். பெரிய பதிப்பகங்களில் துணைப் பதிப்பாளர் பெரும்பாலும் அதே குழுமத்தின் இன்னொரு கிளையாகத்தான் இருப்பார் என்பதையும் கவனியுங்கள். அப்போது ஒரே நிறுவனம் இரண்டு கையால் எடுத்துக்கொள்கிறது. காகிதத்தில் பாதியாக இருப்பது கணக்கில் முப்பத்தேழரையாக மாறுவது இப்படித்தான்.

அடுத்தது முன்பணம். அது திருப்பித் தர வேண்டிய கடன் இல்லை. ஆனால் உங்கள் பங்கிலிருந்து மட்டுமே கழிக்கப்படுகிறது. ஆளுக்குப் பாதி என்ற ஒப்பந்தத்தில் முன்பணம் 1000 என்றால், மொத்த வருமானம் 2000-ஐத் தொட்ட பிறகுதான் முன்பணம் கழிந்து உங்கள் கணக்கு நேராகும். அந்த நேரத்தில் பதிப்பாளர் தன் 1000-ஐ மீட்டுக்கொண்டதோடு மேலும் 1000 ஈட்டியிருப்பார். எழுபத்தைந்துக்கு இருபத்தைந்து என்றால் மொத்தம் ஏறத்தாழ 1333 வந்ததும் உங்கள் முன்பணம் தீர்ந்துவிடும். சதவீதம் உயர்வதன் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது: முன்பணம் விரைவில் கழிகிறது. 'கணக்கு நேராகும் வரை ஒப்பந்தக் காலம் நீளும்' என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று வரைவில் தேடிப் பாருங்கள். இருந்தால், அது எத்தனை ஆண்டுக்கு மேல் நீளாது என்று ஒரு வரம்பு வேண்டும்.

நிகழ்த்துகை ராயல்டியில் எழுத்தாளர் பங்கைச் சங்கம் நேராக உங்களுக்கே அனுப்பும். அது பதிப்பாளரிடம் போகக் கூடாது, முன்பணத்துக்கு ஈடாகவும் கழிக்கப்படக் கூடாது. இதை ஒரே வாக்கியத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். முன்பணம் தீரும் வரை உங்களுக்கு வரக்கூடிய ஒரே பணம் பல நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

நடுச்சுரம் எழுதியது:

வணக்கம். நான் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு திருத்தம் தேவைப்படும் ஒப்பந்தத்தைப் பேசி நேராக்குவதைவிட, உரிமையையே மாற்றித் தராத நிர்வாக ஒப்பந்தம் ஒன்றைத் தேடுவது மேல். பதிப்புரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும். நிர்வாகி உலகெங்கும் பதிவு செய்து, வசூலித்து, பொதுவாகப் பத்து முதல் இருபது சதவீதம் எடுத்துக்கொள்வார். ஓரிரு ஆண்டுகளில் பிடிக்கவில்லை என்றால் வெளியேறலாம். ஸ்ட்ரீமிங் காலத்தில் பதிப்பாளர் செய்யும் வேலையில் பெரும்பகுதி பதிவும் வசூலும்தான் என்னும்போது, அதற்காக நூறாண்டு உரிமையை எழுதிக் கொடுப்பதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சுரவரிசை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நடுச்சுரம் அவர்களே, நிர்வாக ஒப்பந்தத்தை நானும் யோசித்தேன். ஆனால் இந்தப் பதிப்பாளர் வசூலிப்பதோடு நிற்கப்போவதில்லை என்கிறார். படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் என் இசையைக் கொண்டுசெல்வதாகவும், வேறு பாடலாசிரியர்களுடன் சேர்ந்து எழுத ஏற்பாடு செய்வதாகவும் பேச்சில் உறுதியளித்தார். அந்தத் தொடர்புகள் என்னிடம் இல்லை. அதற்காகத்தான் இந்த ஒப்பந்தத்தை நாடுகிறேன்.

தாளக்கட்டு எழுதியது:

அப்படியென்றால் அந்த உறுதிமொழி ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எங்கும் இருக்காது. 'இந்த ஆவணமே இரு தரப்பின் முழு உடன்பாடு. இதற்கு முன் பேசிய எதுவும் செல்லாது' என்ற வரி மட்டும் கடைசிப் பக்கத்தில் தவறாமல் இருக்கும்.

இதற்குப் பொருத்தமான வழக்கு ஒன்று உண்டு. பிரிட்டனில் டோனி மெக்காலே என்ற பாடலாசிரியர் 21 வயதில், 1966-இல், ஷ்ரோடர் என்ற இசைப் பதிப்பு நிறுவனத்துடன் அதன் அச்சிட்ட படிவத்தில் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு அவர் எழுதும் எல்லாமே நிறுவனத்துக்கு. ராயல்டி 5000 பவுண்டைத் தாண்டினால் ஒப்பந்தம் தானாக இன்னும் ஐந்து ஆண்டு நீளும். நிறுவனம் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். அவரால் விலக முடியாது. அவருடைய ஒரு பாடலையாவது வெளியிட வேண்டும் என்ற கடமை நிறுவனத்துக்கு இல்லை. முன்பணம் 50 பவுண்டு. 1974-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, இந்த ஒப்பந்தம் தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் தடுக்கிறது என்று கூறி, அதை அமலாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகளை முக்கியமாக உறுத்தியது, ஒரு தரப்பு முழுவதும் கட்டுப்பட்டிருக்க மறுதரப்புக்கு ஏறக்குறைய எந்தக் கடமையும் இல்லாத அந்த ஒருதலைத்தன்மைதான்.

நீங்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. அந்தக் குறையை மேசையிலேயே சரிசெய்யுங்கள். 'நியாயமான முயற்சி எடுப்போம்' என்ற வாக்கியத்தை வாங்கி அமைதி அடைய வேண்டாம். முயற்சி எடுத்தார்களா இல்லையா என்பதை நிரூபிப்பது கடினம். விளைவோடு கட்டிப்போடுங்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்குள், பதிப்பாளரின் ஏற்பாட்டில், இத்தனை உரிமங்கள் அல்லது வேறு கலைஞர்களின் இத்தனை பதிவுகள் வராவிட்டால், நீட்டிக்கும் விருப்பம் அவருக்கு இல்லாமல் போகும் என்று எழுதுங்கள். அவர் தன் சொல்லில் நம்பிக்கை உள்ளவராக இருந்தால் இதற்கு மறுக்கக் காரணமில்லை. மறுத்தால், நடுச்சுரம் அவர்கள் சொன்ன வழிதான் உங்களுக்குச் சரி.

பதிப்பகத்தில் உங்களைத் தேர்ந்து அழைத்த அந்த ஒருவர் நிறுவனத்தை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். அவர் விலகினால் நீங்களும் ஒப்பந்தக் காலத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தைச் சிறிய பதிப்பகங்கள் ஒப்புக்கொள்வதுண்டு.

கரையோரம் எழுதியது:

நான் வழக்கறிஞர். இது தனிப்பட்ட சட்ட ஆலோசனை ஆகாது. இருந்தாலும் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற ஷரத்தை எல்லோரும் படிக்காமல் தாண்டிவிடுவதால், அதைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 203-ஆம் பிரிவின்படி, 1978 முதல் படைப்பாளி தானே செய்து கொடுத்த உரிமை மாற்றத்தை, பொதுவாக 35 ஆண்டுகள் கழித்து அவர் முடிவுக்குக் கொண்டுவரலாம். ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னாலும் இந்த உரிமை போகாது. ஆனால் 'கூலிக்குச் செய்த படைப்பு' (எழுத வைத்தவரே படைப்பாளியாகக் கருதப்படும் வகை) என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு இது கிடையாது. எனவே வரைவில் அந்தச் சொற்றொடர் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஜெர்மன் சட்டப்படி, படைப்பாளி உயிரோடு இருக்கும்போது தன் பதிப்புரிமையையே மாற்றித் தர முடியாது. பயன்படுத்தும் உரிமையை மட்டுமே தர முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை, ஆண்டுக்கு ஒரு முறையாவது வருமானக் கணக்கைப் படைப்பாளிக்குத் தர வேண்டும் என்கிறது.

இந்தியச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபின் படைப்பாளிக்குக் கணிசமான பாதுகாப்பு தருகிறது. திரைப்படத்தில் சேர்ந்த இசைக்கும் பாடல் வரிகளுக்கும், திரையரங்கில் படத்தோடு காட்டுவதைத் தவிர்த்த பயன்பாடுகளில், உரிமை பெற்றவருக்குச் சமமாக ராயல்டி பெறும் உரிமையை, வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. படத்தில் சேராத ஒலிப்பதிவுகளுக்கும் இதே போன்ற பாதுகாப்பு உண்டு. ஒப்பந்தம் செய்த நாளில் இல்லாத பயன்பாட்டு முறைகளைக் குறிப்பாகச் சொல்லாவிட்டால் உரிமை மாற்றம் அவற்றுக்குப் பொருந்தாது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு கொள்கிறது. பதிப்பாளர்கள் 'முழு ஆயுளுக்கும்', 'பிரபஞ்சம் முழுவதிலும்', 'இனிக் கண்டுபிடிக்கப்படும்' என்றெல்லாம் எழுதுவது அலங்காரத்துக்காக இல்லை. வரைவு மௌனமாக இருந்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் இடங்களை அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக அடைக்கின்றன.

எனவே எந்தச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் நிற்கிறது என்பதைப் பொறுத்து, நீங்கள் பேசி வாங்க வேண்டியதும் சட்டமே தருவதும் மாறும்.

சுரவரிசை எழுதியது:

எல்லோருடைய கருத்துகளையும் வைத்துத் திருத்தங்களை அனுப்பினேன். பதில் வந்திருக்கிறது, நான் எதிர்பார்த்ததைவிடப் பரவாயில்லை. முழு ஆயுள் என்பதை விட்டுவிட்டு, ஒப்பந்தக் காலம் முடிந்து 12 ஆண்டுகள் என்று ஒப்புக்கொண்டார்; திரும்புதல் தானாக நடக்கும். பயன்படுத்தப்படாத படைப்புகள் இரண்டு ஆண்டில் திரும்பும். எழுத்தாளர் பங்கு எனக்கு நேராக வரும். ஈட்டிய இடத்துக் கணக்கை அவருடைய சொந்தக் கிளைகளுக்கு மட்டும் ஏற்கிறார். வெளியார் துணைப் பதிப்பாளராக இருந்தால் அவர் கூலி 20 சதவீதத்தைத் தாண்டாது என்கிறார். நீட்டிப்பை விளைவோடு இணைப்பதற்கும் சம்மதம். சதவீதத்தை மட்டும் பாதியிலிருந்து அசைக்க மறுக்கிறார். வேறு எதையும் பார்க்க வேண்டுமா?

வெள்ளைத்தாள் எழுதியது:

நல்ல முன்னேற்றம். சதவீதத்தில் ஒரு நடுவழி இருக்கிறது. எல்லா வருமானத்துக்கும் ஒரே பங்கு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அவரே தேடிக் கொண்டுவந்த உரிமங்களுக்குப் பாதி என்று ஏற்றுக்கொண்டு, அவர் முயற்சி இல்லாமல் வரும் மெக்கானிக்கல் (ஒலிப்பதிவுகளைப் படியெடுப்பதற்கான ராயல்டி), ஸ்ட்ரீமிங் வருமானத்துக்கு உங்களுக்கு எழுபதோ எழுபத்தைந்தோ கேளுங்கள். உழைத்த இடத்தில் அவருக்குக் குறையவில்லை என்பதால் இதை மறுப்பது அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

கையெழுத்துக்கு முன் கட்டாயம் திருத்த வேண்டியது ஒப்படைப்பு ஷரத்து. ஆண்டுக்கு ஆறு படைப்புகள் என்பது எளிதாகத் தோன்றும். ஆனால் வரையறைப் பக்கத்தில் 'படைப்பு' என்றால் நீங்கள் நூறு சதவீதம் எழுதியது என்று இருக்கக்கூடும். மூவர் சேர்ந்து சம பங்கில் எழுதிய பாடல் அப்போது மூன்றில் ஒரு படைப்பாகத்தான் எண்ணப்படும். ஆறு என்பது பதினெட்டுப் பாடல்களாக மாறும். அவரே உங்களைப் பிறருடன் சேர்ந்து எழுத வைக்கப்போகிறார் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒப்படைத்தால் போதுமா, வணிக ரீதியாக வெளியாக வேண்டுமா என்பதும் முக்கியம். வெளியாவது உங்கள் கையில் இல்லை. வெளியாகாத வரை ஆண்டுக் கணக்கு முடியாது என்றால், மூன்று ஆண்டு ஒப்பந்தம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தரமான மாதிரிப் பதிவை ஒப்படைத்தாலே எண்ணிக்கையில் சேரும் என்றும், மொத்த ஒப்பந்தக் காலம் எந்த நிலையிலும் இத்தனை ஆண்டைத் தாண்டாது என்றும் எழுதுங்கள்.

கணக்குத் தணிக்கை உரிமை, அரையாண்டு அறிக்கை, தந்ததற்கும் தர வேண்டியதற்கும் உள்ள வேறுபாடு பத்து சதவீதத்தைத் தாண்டினால் தணிக்கைச் செலவு அவருடையது: இவை வழக்கமானவை, கேட்டால் கிடைக்கும்.

கரையோரம் எழுதியது:

மேலும் இரண்டு. உங்கள் ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுங்கள்: அரசியல் பிரச்சாரம், மது, புகையிலை விளம்பரம், வரிகளை மாற்றுவது, மெட்டை வேறு பாடலோடு கலப்பது, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க உரிமம் தருவது. கடைசியாகச் சொன்னது பழைய படிவங்களில் இல்லாததால், 'எல்லா ஊடகங்களும்' என்ற சொற்களுக்குள் அடங்கிவிட்டது என்று பின்னர் வாதிட இடம் தரும்.

மற்றொன்று, ஒப்பந்தத்துக்கு முன் நீங்கள் எழுதியவை. அவற்றின் தலைப்பு, எழுதிய ஆண்டு, உடன் எழுதியவர் பெயர், பங்கு, சங்கப் பதிவு எண் ஆகியவற்றோடு ஓர் இணைப்புத் தாள் தயாரித்து, 'இவை இந்த ஒப்பந்தத்தில் அடங்கா' என்ற வரியை அதன் தலையில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் சுருக்கொப்பம் இடுங்கள். முடிக்காமல் வைத்திருக்கும் மெட்டுகளையும் அதில் சேருங்கள். பழைய மெட்டு ஒன்று ஒப்பந்தக் காலத்தில் முழுமை பெற்றால், அது யாருடையது என்ற கேள்வி பிறகு நிச்சயம் வரும்.

சுரவரிசை எழுதியது:

மிக்க நன்றி. இணைப்புத் தாளை இன்றே எழுதத் தொடங்குகிறேன். பங்கைப் பிரித்துக் கேட்கும் யோசனையையும் ஒப்படைப்பு வரையறையையும் சேர்த்து அனுப்புகிறேன். ஒப்படைப்பு ஷரத்தில் அவர் அசையாவிட்டால் கையெழுத்திடுவதாக இல்லை. நிர்வாக ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவம் ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன்.